வீரணன் வரையாத ஓட்டம்

போடியில் வீரணனைத் தெரியாதவர்கள் நிறையப் பேர். அவன் ஜீப்பைத் தெரியாதவர்கள் ரொம்பக் குறைவு. பச்சைப் பெயின்ட் உரிந்து, முன்கண்ணாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு விரிசல் ஓடும் ஜீப்பு. விடிந்தும் விடியாமலும் பதினாலு பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறுவான். கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் அவர்களை இறக்கிவிட்டால், சாயங்காலம் திரும்ப ஏற்றும்வரை அவனுக்கு ஒரு சோலியும் கிடையாது. மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். வீரணன் மட்டும் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போனில் விரலால் எதையோ கீறிக்கொண்டே இருப்பான். எந்த நேரமும் சினிமா பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவன் காமிக்ஸ் வரைந்துகொண்டிருந்தான். இரண்டு வருசமாக, வெள்ளிக்கிழமை தவறாமல், இணையத்தில் வெளியாகிற காமிக்ஸ். பெயர் ‘மேட்டுக்குப் போற ஜீப்பு’. தொடர்ந்து வாசிப்பவர்கள் நூற்றுப் பதினோரு பேர். அதில் நாலு பேர் வீரணனே, வேறு வேறு பெயரில்.

கதை ரொம்பச் சின்னது. ஒரு ஜீப்பு, அதில் தோட்டவேலைக்குப் போகிற பெண்கள், அவர்களுக்குத் தலைவியாக ‘சூறாவளி சொர்ணம்’ என்று ஒருத்தி. அவள் வாயைத் திறந்தால் கங்காணி ஓடுவான், போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்வார், கண்டக்டர் மீதிச் சில்லறையைத் தேடுவார். இந்தச் சொர்ணம் பேசுகிற ஒரு வார்த்தைகூட வீரணனுடையது இல்லை. அவ்வளவும் அவன் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வரும் சுருளியம்மாளின் வாயிலிருந்து விழுந்தவை. ஐம்பத்திரண்டு வயது. இடது காது கிழிந்து தைத்த தழும்பு. அவள் எந்த ஜீப்பில் ஏறுகிறாளோ அதில்தான் மற்ற பதிமூன்று பேரும் ஏறுவார்கள். தான் ஒரு காமிக்ஸ் கதாநாயகி என்பது அவளுக்குத் தெரியாது. வீரணன் சொல்லவில்லை. சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை.

கதையில் ஜீப்பு டிரைவரும் உண்டு. பெயர் ‘புலி’. அகன்ற மார்பு, முறுக்கிய மீசை. வீரணனுக்கு மீசை சரியாக முளைக்கவே இல்லை.

நூற்றுப் பதினோரு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீடியோக்கள் பார்த்தான். “உங்கள் படைப்பை நீங்கள்தான் கொண்டுசெல்ல வேண்டும்” என்று பட்டுச்சட்டை போட்ட ஒருவர் ஒன்றரை மணி நேரம் சொன்னார். எங்கே கொண்டுசெல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதற்குத் தனி வகுப்பாம். வீரணன் பத்து அத்தியாயங்களைப் பொறுக்கியெடுத்துப் புத்தகமாக அடித்தான். போடியில் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை அடிக்கிற அச்சகம். “இம்புட்டுக் கறுப்பு மை எந்தச் சாவுக்கும் செலவானதில்லப்பா” என்றார் அச்சகக்காரர்.

புத்தகக் கட்டோடு மதுரைக்குப் போனான். அங்கே மாடியில் ஒரு காமிக்ஸ் கடை. சுவர் முழுக்கக் கொக்கிகள், கொக்கிகளில் பாலிதீன் உறைக்குள் காமிக்ஸ்கள். அந்தக் கொக்கியில் தொங்கினால்தான் அது காமிக்ஸ் என்று அந்த வட்டாரத்து ரசிகர்கள் ஒத்துக்கொள்வார்கள். கடை முதலாளி லிங்கேஸ்வரன் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“குதிரை இருக்கா தம்பி?”

“இல்லண்ணே. ஜீப்பு இருக்கு.”

“துப்பாக்கி?”

“வாக்கத்தி இருக்கு. யானை இருக்கு.”

“பொம்பளைங்க நெறைய இருக்காங்களே?”

“வேலைக்குப் போற பொம்பளைகண்ணே.”

லிங்கேஸ்வரன் கொட்டாவி விட்டார். சிறுவயதில் கௌபாய் காமிக்ஸில் குதிரைமேல் ஏறி மேற்கே போனவர்; நாற்பது வருசமாகியும் இன்னும் இறங்கவில்லை. கடைசிப் பக்கத்தில்தான் அவர் கண் நின்றது. புலி, கையைக் கட்டிக்கொண்டு ஒற்றை யானைக்கு முன்னால் நிற்கிறான். யானை தலையைக் குனிந்து பின்வாங்குகிறது.

“இது தேவலாம். வர்ற ஞாயித்துக்கெழம இங்க காமிக்ஸ் திருவிழா இருக்கு. ஒரு மேசை போடுங்க. கூட்டம் நின்னா என் கடையில ஒரு கொக்கி தர்றேன். நிக்கலேன்னா இந்தக் கட்டைத் தூக்கிட்டு மாடிப்படி ஏறாதீங்க.”

ஒரு கொக்கி. வீரணன் அந்த வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு மலையேறினான், இறங்கினான்.

கூட்டத்துக்கு எங்கே போவது? ஆனால் ஒரு ஸ்டாண்டு டிரைவருக்கு இது ஒரு கேள்வியா! லீவு நாளில் போடி பஸ்ஸ்டாண்டு பக்கம் சவாரி ஏற்றும்போது காலி ஜீப்பில் எவனும் ஏறமாட்டான். நாலு தெரிந்த ஆளை டீ வாங்கிக் கொடுத்து உள்ளே உட்காரவைத்துவிட்டு, “ஒரே ஆளு, ஒரே ஆளு, வண்டி கெளம்பிருச்சு!” என்று கத்த வேண்டும். ஐந்தாவது ஆள் தானாக ஏறுவான். ஜீப்பு நிரம்பியதும் அந்த நாலு பேரும் இறங்கி அடுத்த டீக்குப் போவார்கள்.

வீரணன் சுருளியம்மாளிடமே போனான்.

“சித்தி, ஞாயித்துக்கெழம மதுரைக்கு வர்றியா? மீனாட்சியக் கும்பிட்டுட்டு வருவோம். ஓசி வண்டி, பிரியாணி.”

“எவனையாச்சும் வெட்டணுமாடா?”

“ஒரு புத்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு என் மேசைகிட்ட நிக்கணும். ஸ்டாண்டுல ஆள ஒக்கார வப்பேன்ல, அது மாதிரி.”

“பொய்யாளா நிக்கச் சொல்ற. நிக்கிறேன். எனக்குக் கோழி வேணாம், ஆட்டுக்கறி.”

இப்படிப்பட்ட பிழையை வேறு எந்தக் காமிக்ஸ்காரனாவது செய்வானா? கதாநாயகியையே கூட்டிக்கொண்டு போய், அவள் கையிலேயே புத்தகத்தைக் கொடுத்து, “படிக்க வேணாம், சும்மா நில்லு” என்று சொல்வானா? நம்ம வீரணன் செய்தான்.

திருவிழா ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் அட்டைக் கவசம் போட்ட ஒருவர் வேர்த்து ஒழுகிக்கொண்டு செல்பிக்கு நின்றார். மேடையில் ‘காமிக்ஸின் எதிர்காலம்’ பற்றி ஐந்து பேர் பேசினார்கள். கீழே மூன்று பேர் கேட்டார்கள், அதில் ஒருவர் மைக்செட்காரர். நடுவில் பெரிய பெரிய ஆட்கள் உறை போட்ட பழைய புத்தகங்களைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, “தொடாதீங்க, ரேகை படும்” என்று ஒருவரை ஒருவர் மிரட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே எல்லோரும் காமிக்ஸ் வைத்திருந்தார்கள். படித்துக்கொண்டிருந்தவர் ஒருத்தரைக் காணோம்.

வீரணனின் மேசை கழிப்பறைக்குப் போகும் வழியில். சுருளியம்மாளும் முத்துப்பேச்சியும் இன்னும் இரண்டு பேரும் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். முத்துப்பேச்சி ஜீப்பில் வரும் பதினாலு பேரில் இளையவள். எதைப் பார்த்தாலும் சிரிப்பாள். கவசக்காரரைப் பார்த்துச் சிரித்தாள், மேடையைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“யக்கா, இந்தப் பொம்பளைக்குக் காது ஒன்னைய மாதிரியே தச்சிருக்கு.”

சுருளியம்மாள் அஞ்சாவது வரை படித்தவள். புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கி, எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தாள்.

“‘எடை போடுற தராசுல கட்டைவெரல வைக்கிறியே, அந்த வெரலையும் சேத்து எடுத்துட்டுப் போகவா?’ ஏலே! இது நான் கங்காணியக் கேட்டதுல்ல?”

“சித்தி, அது வந்து...”

“வாய மூடு. படிக்கிறேன்.”

படித்தாள். படித்தாள் என்றா சொல்வது! ஒவ்வொரு கட்டத்தையும் கங்காணி குரலில், போலீஸ் குரலில், தன் குரலில் பேசிக்காட்டினாள். “நான் இப்படிச் சொல்லல, இதவிட மோசமாச் சொன்னேன்” என்று இடையிடையே திருத்தினாள். திருத்தியது எதையும் அச்சில் போட முடியாது. கழிப்பறைக்குப் போனவர்கள் நின்றார்கள். மேடைக்குக் கீழே இருந்த மூன்று பேரும் வந்தார்கள், அப்புறம் மேலே இருந்த ஐந்து பேரும் வந்தார்கள். கவசக்காரர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். உறை போட்ட புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்கள் வீரணனின் புத்தகத்தை வெறுங்கையால் தொட்டுப் பிரித்தார்கள். வீரணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. நூற்றுப் பதினோரு பேரில் ஒருவர்கூட இப்படி வாய்விட்டுச் சிரித்து அவன் கேட்டதில்லை.

லிங்கேஸ்வரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “தம்பி, கொக்கி ஒங்களுக்குத்தான். யானைப் படத்தை அட்டையில போட்டுருங்க” என்று காதில் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து சுருளியம்மாள் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். வாசிக்கவில்லை. படத்தைப் பார்த்தாள். வீரணனைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“இது எவன்டா?”

“டிரைவரு, சித்தி.”

“எந்த டிரைவரு?”

வீரணன் மேசையில் இருந்த புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தான். அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“போன ஆனியில, பூப்பாறைக்கு முந்துன வளைவுல ஒத்த யானை நின்னுச்சுங்க. நாங்க பதினாலு பொம்பளைக வண்டிக்குள்ள. இந்தா நிக்கிறாரே புலி, இவரு வண்டியிலருந்து குதிச்சு லுங்கியத் தூக்கிக்கிட்டு ஓடுனவருதான். ஒத்தச் செருப்பு ரோட்டுல கெடந்துச்சு. நான் ஒவ்வொருத்தி வாயாப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருந்தேன். யானை வந்துச்சு, எங்க தூக்குவாளியெல்லாம் கவுத்துச்சு, கஞ்சியக் குடிச்சுச்சு, போயிருச்சு. அப்புறம் நாங்க நடந்து போய் இவரத் தேடுனா, டீக்கடையில பன்னு தின்னுக்கிட்டு இருக்காரு!”

மண்டபம் கூரை அதிரச் சிரித்தது. வீரணனின் காது சுட்டது. ஆள் கூட்டிவரத்தான் ஓடினேன் என்று ஒரு வருசமாக எல்லோரிடமும் சொல்லி, தன்னிடமும் சொல்லி, கடைசியில் நான் ஓடவே இல்லை என்று வரைந்தும் வைத்திருந்தான்.

லிங்கேஸ்வரன் அவன் தோளை அழுத்தினார். “அந்தம்மா தமாசு பண்ணுது, கதைதான் இதுன்னு சொல்லி முடிச்சு விடுங்க. ஓடுற ஹீரோவ என் கொக்கியில மாட்ட முடியாது.”

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி. கொக்கி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. சுருளியம்மாள் ஒன்றும் பேசாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாய் சும்மா இருந்து வீரணன் பார்த்ததே இல்லை. யானை வந்த அன்றைக்குத் தவிர. அன்றைக்கும் அவன்தான் அங்கே இல்லையே.

“சித்தி சொல்றதுதான் நெசம்,” என்றான் வீரணன். “நான் ஓடுனேன்.”

லிங்கேஸ்வரன் கையிலிருந்த புத்தகத்தை மேசையில் போட்டார். “இத எவன் கடையில வந்து தொடுவான்?”

“ஒங் கடையில எவனைத் தொட விட்ட?” என்றாள் சுருளியம்மாள். “எல்லாத்தையும் கருவாடு மாதிரி பாலிதீன்ல கட்டித் தொங்கவிட்டிருக்கியாமே. போய்யா, ஈ மொய்க்காமப் பாத்துக்க.”

திரும்பும் வழியில் பிரியாணியைத் தின்றுவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். சுருளியம்மாள் முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால் போய் உட்கார்ந்தாள். நாளைக்கு வேறு ஜீப்பில் ஏறிவிடுவாளோ என்று தேனி வரைக்கும் வீரணன் கண்ணாடியில் அவளையே பார்த்து ஓட்டினான். “ரோட்டப் பாத்து ஓட்டு, புலி” என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலையில் ஸ்டாண்டில் இரண்டு ஜீப்புகள் காலியாக நின்றன. சுருளியம்மாள் வந்தாள். பின்னால் பதிமூன்று பேர். நேராக வீரணனின் முன்சீட்டில் ஏறினாள். மடியிலிருந்து ஒரு பழைய ரப்பர் செருப்பை எடுத்து ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் வைத்தாள். இடதுகால், வார் அறுந்தது.

“ஒன் செருப்ப யானை மிதிச்சிருச்சுன்னு சொன்னியே, இந்தா. பாத்து வரை. அந்தப் புலிப்பயல அழிச்சிரு. ஒன் மூஞ்சியவே போடு. அப்புறம் என் மூக்கு இம்புட்டுப் பெருசா இருக்குன்னு எவன் சொன்னான்?”

அன்று தோட்டத்து நிழலில் ஜீப்பை நிறுத்திவிட்டு அவன் நாள் முழுக்க வரைந்தான். மீசை இல்லாத டிரைவர். மடித்துக்கட்டிய லுங்கி. ஒரு காலில் செருப்பு. பின்னால் ஜீப்புக்குள் பதினாலு முகம், பதினாலும் வாயைப் பொத்திக்கொண்டு. இந்தப் பக்கத்தை ஸ்டாண்டு பெட்டிக்கடையில் தொங்கவிட வேண்டும், ஷாம்பு சரத்துக்கும் பாக்குச் சரத்துக்கும் நடுவில், எவன் வேண்டுமானாலும் எச்சில் தொட்டுப் புரட்டட்டும் என்று முடிவு செய்துகொண்டான்.

சாயங்காலம் பெண்கள் ஏலக்காய்ச் செடிகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தார்கள். சுருளியம்மாள் மண் ஒட்டிய விரலால் போனை வாங்கினாள். முத்துப்பேச்சி தோளுக்கு மேலே எட்டிப்பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சுருளியம்மாள் சிரிக்கவில்லை. படத்தை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தாள், ஏலக்காயில் சொத்தை தேடுகிற மாதிரி.

“இது பத்தாது” என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். “நீ இன்னும் வெரசா ஓடுன.”