இரும்பக்காவும் பதினோரு நிமிடமும்

எங்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேனைப் பதினாறு வருடமாக இயக்கி வருபவளுக்கு ‘இரும்பக்கா’ என்று பேர். காந்த அறைக்குள் ஒரு கொண்டை ஊசியைக்கூட விடமாட்டாள். வருகிறவர் முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். துறைத் தலைவரின் பெல்ட்டையே கழற்ற வைத்து, பேன்ட்டைப் பிடித்தபடி நடக்கவிட்டவள். புருஷனின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவாள் என்று கிண்டல் செய்வோம்.

இதில் வேடிக்கை, நாங்கள் உள்ளே தேடுவதும் இரும்பைத்தான். நடுக்குவாதம் வந்தவர்களின் மூளையில் ஓரிடத்தில் இரும்பு கூடுதலாகச் சேர்கிறது. அது வருடா வருடம் ஏறுகிறதா என்று படமெடுத்துப் பார்ப்பது என் ஆராய்ச்சி. அதற்குப் பதினோரு நிமிடம் தலை அசையக் கூடாது. நடுக்கமே நோயாக இருப்பவரிடம் கேட்கிற கேள்வியா இது!

தையற்காரர் ஒருவர் இருந்தார். முதல் வருடப் படம் அருமை. இரண்டாம் வருடம் நடுக்கம் முற்றி, இரண்டு தடவையும் படம் கலங்கிவிட்டது. மூன்றாவதும் கெட்டால் அவரை ஆராய்ச்சியிலிருந்து நீக்கியாக வேண்டும். பழைய படமும் வீண்.

“கைதான் தைக்க உதவாமப் போச்சு. தலையாவது யாருக்காச்சும் உதவட்டுமே டாக்டர்” என்றார்.

ஆனாலும் மூன்றாம் தடவை அவரை உள்ளே படுக்கவைத்து மைக்கைப் பிடித்ததும், அதட்டுகிற என் புத்தி போகவில்லை. “ஆடாதீங்க ஐயா, ஆடாதீங்க!” சொல்லச் சொல்லக் கை உதறியது. தோள் குலுங்கி, தலையும் ஆடியது.

இரும்பக்கா மைக்கைப் பிடுங்கினாள். “கொஞ்சம் வாயை மூடுங்க டாக்டர். நீங்க சொல்லித்தான் அதிகமாகுது.”

ஒரு துண்டோடு உள்ளே போனாள். “அண்ணே, சட்டையைக் கழட்டி மடிச்சீங்கல்ல, அப்ப கை ஆடவே இல்ல. நான் பாத்தேன். இதோட ஓரத்தைப் பிடிங்க. மெஷின் சத்தம் வரும். தைக்கிற மாதிரி நினைச்சு, விரலால மெதுவா நகத்துங்க.”

இயந்திரம் தடதடத்தது. கண்ணாடி வழியே பார்த்தேன். துண்டின் ஓரம் இம்மி இம்மியாக நகர்ந்தது. தோள் அடங்கியது. ஐந்து நிமிடம். எட்டு. நான் மூச்சே விடவில்லை. திரும்பி வந்து பக்கத்தில் நின்ற இரும்பக்கா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று!

திரையில் இரும்பு சேர்ந்த அந்த இடம் பிசிறில்லாமல் கருப்பாய் நின்றது. போன வருடப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டேன். கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினேன்.

மேசையை வெளியே இழுத்ததும் தையற்காரர் துண்டை விடாமலே கேட்டார்.

“என்னம்மா, தையல் நேரா வந்திருக்கா?”

“நூல் பிடிச்ச மாதிரி வந்திருக்குண்ணே!”