காக்கைக்குக் குரல் கொடுத்தவள்

போன வாரம் திருப்பதி பஸ் ஸ்டாண்டில், பக்கத்து இருக்கைச் சிறுமி அம்மாவின் செல்போனில் கார்ட்டூன் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பிங் படம்தான். இளவரசி அழகான தமிழில் பேசினாள். அவள் நகையைத் திருட வந்த எலிகள் மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சு பேசின. "ஓடுடா, அவ வந்துக்கினு கீறா!" சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. எழுந்து போய்விடலாம் என்றால் பஸ் வந்தபாடில்லை. நம் பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது, சொல்லுங்கள்?

சென்னையில் நான் வேலை பார்த்த டப்பிங் அறையின் வாசனை மூக்கில் ஏறியது. ஜன்னலே இல்லாத அறை. ஏசி குளிரில் ஊறிய கம்பளமும் யாரோ கொண்டுவந்த மசால்வடையும் கலந்த நெடி. ஆந்திராவில் பாகாலா பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து டிகிரியும் கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டுமாக ரயிலேறியவள் நான். எங்கள் ஊரே பெங்களூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, நான் ஏசி அறைக்குப் போனேன். கொஞ்சம் திமிர்கூட உண்டு. வெளிநாட்டுக் கார்ட்டூன்கள் தமிழ் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. வசனங்களை டைப் அடிப்பது என் வேலை.

ஒருநாள் வாட்ச்மேனோடு எங்கள் ஊர்ப் பேச்சில் நான் போட்ட சண்டை டப்பிங் டைரக்டர் காதில் விழுந்தது. ஓடி வந்தார். "இந்தக் குரலைத்தாம்மா தேடிக்கிட்டிருந்தேன்!"

பறவைகளைப் பற்றிய படம். பெரிய மரமொன்றில் வெள்ளைப் புறாக்களின் அரசாங்கம். காடு எரிந்துபோய்ப் பிழைக்க வருகிற காக்கைகள் அங்கே இடம் கேட்கும். புறாக்களுக்கு மேடைத் தமிழ், காக்கைகளுக்கு எங்கள் தமிழ். நான் தாய்க்காக்கை. "ஓரமா ஒரு கிளை குடுங்க சாமி, இருந்துக்கினு போறோம். புள்ளைங்க துன்னு நாளாச்சி." மைக் முன்னால் நிஜமாகவே அழுதேன். முதல் டேக்கே ஓகே. முடிவில் காக்கைகள் திருடர்கள் என்று தெரியவரும். புறாக்கள் விரட்டிவிடும். சுபம். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. குழந்தைகள் படம்தானே!

கோடை விடுமுறையில் படம் சித்தூருக்கு வந்தது. நைனாவை, என் அப்பாவைக் கூட்டிப்போனேன். வருஷக்கணக்காகச் சென்னையில் கலவை சுமந்த மனிதர். இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். தாய்க்காக்கை வாயைத் திறந்ததுமே பக்கத்து சீட்காரரிடம், "அது எம் பொண்ணு" என்றார்.

காக்கை 'துன்னு' என்றது. தியேட்டரே சிரித்தது. நைனாவும் சிரித்தார். அடுத்த வசனம், மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது முறை அவர் சிரிக்கவில்லை. திரும்பி, சிரிக்கிற முகங்களைப் பார்த்தார். கடைசியில் புறாக்கள் கூடிக் காக்கைகளை விரட்டியபோது பிள்ளைகளெல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள். நைனா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு சீட்டுக்கடியில் போய்விடலாம் போலிருந்தது.

வெளியே டீக்கடை. கடைக்காரர் எங்களைப் போலத் தமிழ்தான். அவரிடம் நைனா தெலுங்கில், "ரெண்டு டீ இவ்வண்டி" என்றார்.

டீ பாதி குடித்தபின் கேட்டார்: "ஏம்மா, அந்தக் காக்கா இன்னா தப்பு பண்ணிச்சி? எடந்தான கேட்டுச்சி?"

"படம் நைனா, சும்மா..."

"நீ நல்லாத்தான் பேசன. நெஜமாட்டமே இருந்திச்சி."

திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் நான் எந்தக் காக்கைக்கும் குரல் கொடுக்கவில்லை. டைரக்டருக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது. ஆனால் மாற்றம் வேறிடத்தில் நடந்திருந்தது. ஊர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து நைனா பேசும்போது, "சாப்பிட்டாயா? நலமாக இருக்கிறாயா?" என்றார். விளையாட்டுக்கு என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே. அம்மாவிடம் கேட்டேன்.

"மத்தவங்க கிட்டல்லாம் எப்பவும் போலத்தான் பேசிக்கினு கீறாரு," என்றாள் அம்மா. "உங்கிட்ட பேசறதுக்கு மின்னாடி மட்டும், நடந்துக்கினே சொல்லிச் சொல்லிப் பாத்துக்கறாரு."

பூத்தும் போய்விட்டது, தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது, நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சாகும்வரை என்னிடம் அவர் தன் பேச்சில் ஒரு வார்த்தை பேசவில்லை.