பக்கத்து வீட்டாரின் நோய்கள்

அம்மாவின் தம்பியான என் மாமா சிங்காநல்லூரில் ஓர் உள்ளூர் கேபிள் சானல் நடத்திவந்தார். கீழே வீடு. மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரு கேமரா. சானல் என்பது அவ்வளவுதான். கேமராவைப் பிடிப்பவர், தொலைபேசியை இணைப்பவர், சத்தம் வராமல் மின்விசிறியை நிறுத்துபவர் எல்லாம் மாமாவே. ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் துடியலூரிலிருந்து டாக்டரம்மா ஒருவர் ஸ்கூட்டரில் வந்து, நேயர்களின் கேள்விகளுக்கு நேரலையில் பதில் சொல்வார்.

நான்காம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்து அங்கே போயிருந்தேன். நான் சொல்லவருவது அந்த விடுமுறையின் மூன்றாவது ஞாயிறு. மாதம் சித்திரை. ஆண்டை மட்டும் எழுதக் கூடாது என்று அத்தை, அதாவது மாமாவின் மனைவி, தடை போட்டிருக்கிறார். எழுதினால் படிப்பவர்கள் அவர் வயதைக் கணக்குப் போட்டுவிடுவார்களாம்.

எதையும் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஊர், யாருக்கு, என்ன நோவு என்று மூன்று கட்டம் போட்டு, வரும் அழைப்புகளை எழுதிவந்தேன். சளி, சர்க்கரை, மூட்டுவலி, நெஞ்செரிச்சல் எல்லாம் வந்தன. ஆனால் 'யாருக்கு' என்ற கட்டத்தில் 'எனக்கு' என்று ஒரு தடவைகூட எழுத நேரவில்லை. யாரும் தமக்காகக் கேட்பதில்லை. ஊரறிய டிவியில் தன் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசுவது எங்கள் பக்கத்தில் மரியாதையாகாது. "பக்கத்து ஊட்டுக்காரருக்குங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். என் நோட்டின்படி, தொலைபேசி வைத்திருந்த எல்லாரும் திடகாத்திரமாக இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர்களின் நிலைதான் பரிதாபம்.

டாக்டரம்மாவுக்கு இது தெரியும். ஆனாலும் யாரையும் காட்டிக்கொடுக்கமாட்டார். முந்தின வாரம் ஒண்டிப்புதூர்க்காரர் ஒருவர், டாக்டரம்மா சாப்பிட்டாச்சா, வெயிலில் எப்படி வந்தீர்கள் என்றெல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு வாய்ப்புண் என்றார்.

"அவரு நாக்கு வெள்ளையா இருக்குதுங்களா?"

"ஒரு நிமிசமுங்க. கண்ணாடி எடுத்துட்டு வாரேன்."

"மெதுவாவே வாங்க. அவரை அவசரப்படுத்தாதீங்க," என்றார் டாக்டரம்மா, முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல்.

இனி அத்தையின் கால். மாசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது கணுக்கால் எலும்பில் விரிசல். ஒரு மாதத்துக்கு மேல் மாவுக்கட்டு. கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு அத்தை உட்கார்ந்த இடத்திலேயே முறுக்கும் அதிரசமுமாக நாளைப் போக்கியதில், நன்றாக ஒரு சுற்று பெருத்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமைதான் கட்டைப் பிரித்திருந்தார்கள். அடுத்த மாதம் அத்தையின் தங்கைக்குக் கல்யாணம். அதற்கென்று தைத்த ரவிக்கையில் கை பாதிக்குமேல் நுழையவில்லை. பக்கத்து வீட்டு ராவுத்தரக்காதான் தைத்தவர். "துணி இனி இல்லைங்க அம்மணி. ஒண்ணு நான் மந்திரம் போடோணும், இல்லீன்னா நீங்க இளைக்கோணும்," என்று சொல்லிவிட்டார்.

அன்று பதினொன்றே காலுக்கு அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தொலைபேசியின் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு மாடிக்கே போன் செய்தார். டிவியில் டாக்டரம்மா எங்களைப் பார்த்து, "வணக்கமுங்க, சொல்லுங்க," என்றார்.

"பக்கத்து ஊட்டு அம்மணிக்குங்க. இருபது நாள்ல பத்து கிலோ இளைக்கோணுமுங்க."

"அப்படி இளைச்சா அவங்களுக்கு அடுத்த ஊட்டுக்காரங்க தான் வந்து தூக்கோணும். அவங்களுக்கு ஏனுங்க திடீர்னு எடை ஏறுச்சு?"

"கால்ல கட்டுப் போட்டு உக்காந்தே இருந்தாங்க. செவ்வாக்கெழமை பிரிச்சாங்க. நடக்கலாம்னா கெண்டைக்கால் வீங்கி, தொட்டாச் சுடுதுங்க. மத்தியானம் எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் வருது. அது சரியாப் போயிருமுங்க. நீங்க எடைக்குச் சொல்லுங்க."

டாக்டரம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"ரெண்டு காலுமா வீங்கியிருக்குது?"

"ஒண்ணுதானுங்க. கட்டு இருந்த காலு."

"எடையை அப்புறம் பார்க்கலாமுங்க. காலை யாரும் தொட வேண்டாம், உருவவே கூடாது. அசையாம ரொம்ப நாள் இருந்தா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்கும். அது பேந்து மேல போனா மூச்சையே அடைச்சுரும். அந்த அம்மணியை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு உடாதீங்க."

"சரிங்க, அவங்ககிட்டச் சொல்லிப்போடறனுங்க," என்று அத்தை போனை வைத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்கத்தை," என்றேன்.

"போனா மறுபடியும் கட்டுப் போட்டு உக்காத்தி வெச்சுருவாங்க கண்ணு. கல்யாணத்துக்கு யாரு போறது? வீக்கம் கட்டுனால வந்தது. மாமாகிட்டச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டேன். பண்ணிய பிறகுதான் பயம் வந்தது. மூச்சு அடைத்துவிடும் என்று டாக்டரம்மா சொன்ன முகம் கண்ணிலேயே நின்றது. அத்தையின் காலைப் பார்த்தேன். பளபளவென்று, மற்ற காலைவிட ஒரு பங்கு பெரிதாக இருந்தது. எண்ணெய்க்காரி வர இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை. சத்தியத்தை மீறினால் சாமி கண்ணைக் குத்தும். ஆனால் மாமாவிடம் சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தேன்? டாக்டரம்மாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லையே?

தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடி, ராவுத்தரக்கா வீட்டுத் தொலைபேசியை எடுத்தேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு முறை போட்ட பிறகு லைன் கிடைத்தது.

"டாக்டரம்மாங்களா? பக்கத்து ஊட்டு அத்தைக்குங்க. கால் வீங்கியிருக்குதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போ மாட்டீங்கறாங்க."

"எந்த ஊர்ல இருந்து கண்ணு பேசறே?"

"நான் பக்கத்து ஊட்ல இருந்து பேசறனுங்க. அத்தை உங்களுக்குக் கீழ் ஊட்ல இருக்கறாங்க."

ராவுத்தரக்கா வீட்டு டிவியில் டாக்டரம்மாவின் முகம் சட்டென்று சரிந்து, மேசைக்கால் தெரிந்தது. மாடிப்படியில் யாரோ தடதடவென்று இறங்கும் சத்தம் எனக்குத் தொலைபேசியிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டது. பின்னாலேயே டாக்டரம்மாவும் இறங்கினார். சிங்காநல்லூர் முழுக்க அரை மணி நேரம் அந்த மேசைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் வேறு சானலுக்குப் போகவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

கீழே நான் போனபோது டாக்டரம்மா அத்தையின் கால் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். "பக்கத்து ஊட்டு அம்மணி நீங்கதானுங்களா?" என்று கேட்டார்.

அத்தை என்னை முறைத்தார். "மாமாகிட்டச் சொல்லலீங்கத்தை," என்றேன். அது உண்மைதான்.

"கட்டுப் போடுவாங்களா?" என்று அத்தை கேட்டார்.

"போட மாட்டாங்க. ஊசியும் மாத்திரையும் தான். நீங்க கல்யாணத்துக்கு நடந்தே போகலாம்."

"இதை மொதல்லயே போன்ல சொல்லியிருக்கலாமுங்களே!" என்று அத்தை எழுந்துவிட்டார். பிடித்து உட்காரவைக்க வேண்டியிருந்தது.

கேபிள் ஒயர் ஏற்றும் வேனில்தான் போனோம். தெருக்காரர் ஒருவர் ஓட்டினார். மாமா ஓட்டவில்லை. பின்னால் ஒயர் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அத்தையின் காலைத் தன் மடியில் அசையாமல் பிடித்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் கேலிதான். "ஒரு போனை முந்தானையில மூடி, பத்து வருசம் கூடக் குடும்பம் நடத்தினவனையே ஏமாத்திப்போட்டாளே!" என்று அவர் சொல்ல, அத்தை சிரிக்க, எனக்கு அது ஒரு சுற்றுலாவாகவே இருந்தது. ஸ்கேனில் தொடை வரை ரத்தம் உறைந்திருந்தது தெரிந்தது. வயிற்றில் ஊசி போட்டு, அங்கேயே வைத்திருந்து வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிறு, நான்காவது ஞாயிறு, பதினொரு மணிக்கு அத்தையும் நானும் டிவி முன் உட்கார்ந்தோம். முதல் அழைப்பு ஒண்டிப்புதூரிலிருந்து.

"டாக்டரம்மா, எனக்கு ஒண்ணுமில்லீங்க. போன வாரம் ஒரு அம்மணி பேசினாங்களே, அவங்க பக்கத்து ஊட்டுக்காரங்களுக்கு இப்ப எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்கறாங்க."

இருகூரிலிருந்து ஒருவர். அதே கேள்வி. பீளமேட்டிலிருந்து ஒரு பெரியவர். அதே கேள்வி, ஆனால் அந்தம்மாவுக்கு இளநீர் கொடுக்கலாமா என்று கூடுதலாக ஒன்று. அத்தைதான் அது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும், ஒருவர்கூட அப்படிச் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரையே விசாரித்துக்கொண்டிருந்தது எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டாக்டரம்மா கேமராவைப் பார்த்து, "எடைக்குப் போன வாரம் பதில் சொல்லாம உட்டுட்டேன். பட்டினி கெடக்க வேண்டாம். முறுக்கு டப்பாவைக் கை எட்டாத எடத்துல வெச்சு, தெனமும் கொஞ்ச நேரம் நடங்க. மெதுவாத்தான் கொறையும். ரவிக்கையில ஒட்டுத்துணி வெச்சுக்கலாம்னு அவங்ககிட்டச் சொல்லுங்க," என்றார்.

அப்போது டிவியில் படம் லேசாக நடுங்கியது. டாக்டரம்மாவும் மேசையும் பூச்சாடியும் சேர்ந்து மேலும் கீழும் ஆடின. கொஞ்ச நேரத்துக்கு அது நிற்கவே இல்லை.

"கேமரா ஸ்டாண்டு லூசா இருக்குதுங்கத்தை. மாமாகிட்டச் சொல்லோணும்," என்று எழுந்தேன்.

அத்தை மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, என் பாவாடையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"வேண்டாங் கண்ணு. கொஞ்ச நேரத்துல தானா நின்னுரும்."