தரையில் படுவது எவ்வளவு ரப்பர்

சரயேவோவுக்குப் பக்கத்தில், விசோகோ ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, ஆற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் செருப்புத் தொழிற்சாலை. வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் கம்பளிச் செருப்பு செய்கிறோம். அதில் அடிப்பாகம் வெட்டும் எந்திரம் ஜும்ரெத்தா அக்காவுடையது. வேறு யாராவது தொட்டால் எந்திரம் நின்றுவிடும் என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் அவர் போடும் சத்தத்துக்குத்தான் பயம். அவருக்குப் பின்னால் இருந்த மேசையில் நான் பசை தடவுவேன்.

இளவயதில் அவர் அரசாங்கத்தின் பெரிய காலணித் தொழிற்சாலையில் இருந்தவர். போருக்குப் பிறகு அது யார் யார் கைக்கோ மாறி, ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் வாசலில் பூட்டு தொங்கியது. பிறகு எட்டு வருடம் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்த்தார். எங்கள் முதலாளி நெஜாத் தொழில் தொடங்கியபோது முதலில் கூப்பிட்டது அவரைத்தான். அவரை விட நெஜாத் பதினைந்து வயது சின்னவர்.

எங்கள் செருப்பில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் ஒரே வியாபாரிக்குப் போனது. மேல்பக்கம், அடிப்பக்கம் எல்லாமே கம்பளியை அமுக்கித் தடிப்பாக்கிய ஃபெல்ட். மரத்தரையில் வழுக்குகிறது என்று வாங்கியவர்கள் குறைப்பட்டதால், அடியில் ரப்பர் வைக்கச் சொன்னார் வியாபாரி. வைத்தோம். முதல் சரக்கு கப்பலேறி ஐந்தாவது வாரம், காப்பி நேரத்தில் நெஜாத் கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார்.

"சரக்கு துறைமுகத்துல நிக்குது. வரி முப்பத்தேழரை சதவீதமாம்."

"இதுக்கு முன்னாடி எவ்வளவு?" என்று கேட்டேன்.

"மூணு கூட இல்ல."

"புதுசா போட்டுட்டானுங்களா?"

"புதுசு இல்ல அல்மாசா. அவங்க வரிப் புஸ்தகத்துல எப்பவும் உள்ளதுதான். ஃபெல்ட் அடின்னா ஒரு வரி, ரப்பர் அடின்னா ஒரு வரி. நாமதான் செருப்ப மாத்திட்டோம்."

இந்த வரியைக் கட்டி விற்க முடியாது, பழைய வழுக்குச் செருப்பும் வேண்டாம் என்று வியாபாரி எழுதியிருந்தார். இரண்டு மாதத்தில் வழி பிறக்காவிட்டால் பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும் என்றார் நெஜாத். யார் யார் என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் யாரும் ஜும்ரெத்தா அக்கா பக்கம் திரும்பவில்லை. எங்களில் மூத்தவர் அவர்தான்.

அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"அந்தப் புஸ்தகத்துல என்ன எழுதியிருக்குன்னு வார்த்தை மாறாம படி, தம்பி."

நெஜாத் தடுமாறித் தடுமாறிப் படித்தார். செருப்பின் அடி எந்தப் பொருளால் ஆனது என்பதை, தரையில் அதிக இடத்தைத் தொடும் பொருளை வைத்து முடிவு செய்வார்கள்.

"அப்போ ரப்பரே கூடாதுன்னு இல்ல?"

"இல்ல."

"பாதிக்குக் கீழ ரப்பர் பட்டா?"

நெஜாத் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "அப்போ... அது ஃபெல்ட் செருப்புதான்."

தையல் எந்திரத்திலிருந்து ரஸேமா குரல் கொடுத்தாள். அவள் வாய் சும்மா இருக்காது. "ஏன்கா, அமெரிக்காக்காரன் ஒவ்வொரு செருப்பையும் கவுத்துப்போட்டு அளக்கப் போறானா?"

"அவன் அளக்கிறானோ இல்லையோ, நாம அளந்து வெச்சிருப்போம்டி."

மறுநாள் அவர் கட்டம் போட்ட காகிதமும் முத்திரை மையும் வாங்கி வந்தார். ஃபெல்ட் அடியில் மூன்று ரப்பர் பட்டைகளை ஒட்டி, மை தடவி, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு காகிதத்தின் மேல் ஏறி நின்றார். ரப்பரும் ஃபெல்ட்டும் தனித்தனியாகத் தெரிய இரண்டு நிறம். பதிந்த கட்டங்களை நானும் ரஸேமாவும் எண்ணினோம். நூற்றுக்கு ரப்பர் ஐம்பத்திரண்டு. வேலைக்காகாது.

அடுத்து சின்னச் சின்ன ரப்பர் பொட்டுகள். பதினான்கு சதவீதம்தான் வந்தது. ரஸேமா துள்ளிக் குதித்தாள். அக்கா கழிப்பறை டைல்ஸ் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அதன் மேல் நடந்தார். நான்காவது எட்டில் மல்லாந்து விழுந்தார். பதறி ஓடினோம். படுத்தபடியே சொன்னார்:

"எழுதிக்கோ அல்மாசா. பதினாலு போதல."

இடுப்பு வலியோடு மேலும் ஆறு நாள். கடைசியில் குதிகாலிலும் விரல்களுக்குக் கீழேயும் பெரிய பொட்டு, நடுவில் ஒன்றுமில்லை. முப்பத்தொன்று. தண்ணீரில் ஓடிப் பார்த்தார்; வழுக்கவில்லை.

அப்படியே அனுப்ப நெஜாத்துக்குத் தைரியம் வரவில்லை. சரக்கை அனுப்புமுன் எழுதிக் கேட்டால் அமெரிக்கச் சுங்கத்துறையே முடிவு சொல்லும் என்றார் சரயேவோவில் இருந்த ஒரு சுங்க முகவர். இரண்டு ஜோடிச் செருப்பையும் எங்கள் கட்டக் காகிதங்களையும் வியாபாரி மூலமாக அனுப்பினோம். பத்து நாளில் அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது. இந்த ஃபெல்ட் நிஜமாகவே நடப்பதற்கு உழைக்குமா, இல்லை வரிக்காக ஒட்டிய மேல்பூச்சா?

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மேல்பூச்சா? நானே போட்டு நடந்து காட்டுறேன்." இரண்டு வாரம், நாளுக்கு ஒன்பது மணி நேரம், தொழிற்சாலையின் சிமெண்டுத் தரையில் அதே ஜோடியோடு நடந்தார். ஃபெல்ட் பிசிறடித்தது, ஓட்டை விழவில்லை. அந்தப் பழைய செருப்பையே பொட்டலம் கட்டினோம்.

"கால் நாத்தத்துக்குத் தனி வரி போடப் போறானுங்க, பாத்துக்கோங்க," என்றாள் ரஸேமா.

சிரித்தோம். ஆனால் காத்திருந்த நாட்களில் அக்கா இளைத்துப்போனார். மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்துச் சுட்டுக் கொண்டுவரும் பீத்தாவை எங்களுக்கே கொடுத்துவிடுவார். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்: "கதவுல பூட்டை ஒரு தடவ பாத்தாச்சு அல்மாசா. இன்னொரு தடவ பாக்க என்னால ஆகாது."

ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். மாடிப்படியில் நெஜாத் தடதடவென்று இறங்கி வந்தார். எந்திரச் சத்தத்தில் அவர் கத்துவது கேட்கவில்லை. அக்கா எந்திரத்தை நிறுத்தினார்.

"ஃபெல்ட்! ஃபெல்ட்டுன்னு எழுதிட்டாங்கக்கா! பழைய வரிதான்!"

அக்கா பக்கத்திலிருந்த ஃபெல்ட் சுருளின் மேல் அப்படியே உட்கார்ந்தார்.

"முழுசும் படி."

படித்தார்.

"மறுபடி படி. ரப்பருன்னு எங்கயாவது இருக்கா?"

"இருக்கு. தரையில படுறதுல ரப்பர் குறைச்சல்தான்னு இருக்கு."

அக்கா கண்ணை மூடி மூச்சை விட்டார். இரண்டு மாதமாகத் தூக்கிப் பிடித்திருந்த தோள்கள் தாழ்ந்து வந்ததை நான் பார்த்தேன். பிறகு, "என் பீத்தா எங்கடி?" என்றார். இரண்டு துண்டு தின்று, ரஸேமாவின் பங்கிலும் பாதியைப் பிடுங்கிக்கொண்டார்.

யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுத்த மாதமே பொட்டு வைத்த செருப்பு கப்பலேறியது.

முடிவு வந்த அந்த வியாழக்கிழமை மாலை அக்கா பேருந்துக்கு நிற்காமல் ஆற்றோரமாகவே நடந்து வீட்டுக்குப் போனார். இடுப்பைப் பிடித்தபடி மெதுவாக. நானும் கூட நடந்தேன். வழி முழுக்க ரஸேமாவின் மகளைக் கட்டிக்கொள்ளப் போகும் பையனைப் பற்றியே பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்.