அதே கம்பெனி டிவி

ஹன்யூடா ஷிகெயோவின் கடைப் பலகையில் கம்பெனியின் பெயர் பெரிதாகவும் அவர் பெயர் சின்னதாகவும் இருக்கும். நீகாத்தா கடற்கரையில் இருக்கும் அந்தச் சிற்றூரில் அவர் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். ஒரே கம்பெனியின் சாமான் தவிர வேறு விற்கமாட்டார். ஊரார் பல்பு மாட்டக்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் பனி கொட்டினாலும் போய் நிற்பார். நாற்பது வருஷமாக அவர் வாயில் ஒரே பேச்சு: "எல்லாம் நம்ம கம்பெனிதானே, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போயிடும்."

அதை நம்பியவர்களில் தொகாஷி மிட்சுகோவும் ஒருத்தி. எழுபத்துநாலு வயது, தனிக்கட்டை. மகன் யூஹேய் பனி அள்ளும் வண்டி ஓட்டியவன்; முப்பத்துமூன்று வயதில் நெஞ்சுவலி வந்து போய்விட்டான். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர்கள் அவன் வண்டியில் ஏறி நாலு நிமிஷம் படம்பிடித்துக் காலையில் ஒளிபரப்பினார்கள். மிட்சுகோ அதை டிவியோடு இணைத்த பதிவுப் பெட்டியில் பிடித்துவைத்தாள். அதில் அவன் சோற்றுருண்டையைக் கடித்துக்கொண்டே, "எங்கம்மா போடுற முள்ளங்கி ஊறுகாய் ஒரே உப்பு" என்று சிரிப்பான். தினமும் காலையில் அதைப் போட்டு, "உப்புன்னா திங்காதடா" என்று திட்டிவிட்டுத்தான் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள்.

டிசம்பரில் டிவியில் கோடு விழுந்தது.

"இதுக்கு இனிமே பாகம் வராதுக்கா. புதுசு மாட்டிடலாம்" என்றார் ஷிகெயோ.

"என் புள்ள இந்தப் பெட்டியில இருக்கானே தம்பி?"

"பெட்டி இங்கயேதான் இருக்கப்போவுது. வயரைப் புதுசுல சொருகினா முடிஞ்சுது. அதே கம்பெனிதானே."

புதுசை மாட்டிவிட்டு, வருஷக் கடைசியில் வீட்டைச் சுத்தம் செய்யும் நேரத்தில் பழையது கிடக்கக் கூடாது என்று அன்றே அதை வண்டியில் ஏற்றிப்போனார். அவர் எதிரே மகனைத் திட்ட மிட்சுகோவுக்குக் கூச்சம், போட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் காலை புது டிவி கேட்டது: இந்தப் பெட்டியைச் சேர்த்துக்கொள்ளவா? சேர்த்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும்.

நல்லவேளை, அவள் எதையும் அமுக்கவில்லை. ஷிகெயோவுக்குத் தொலைபேசி அடித்தாள்.

அவர் கம்பெனியை அழைத்தார். பதிவு செய்த டிவியில்தான் அந்தப் பெட்டி திறக்குமாம். அதே கம்பெனியின் அடுத்த டிவிக்குக்கூட வழிவிடாதாம். யாரும் படத்தைத் திருடி நகலெடுக்காமல் இருக்க அந்த ஏற்பாடாம். பெற்றவள் தன் பிள்ளையைப் பார்ப்பது எந்த ஊரில் திருட்டு?

அப்போதே பழைய டிவியைத் தேடி ஓடியிருக்க வேண்டும் மனுஷன். ஓடவில்லை. மேலே யாரிடமாவது பேசினால் கம்பெனி ஒரு வழி சொல்லாமலா போகும் என்று நாலு நாள் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு நாளும் இனிமையான குரல்கள் மன்னிப்புக் கேட்டன. தொலைக்காட்சி நிலையத்தில் பழைய காலை நிகழ்ச்சிகளைச் சேர்த்துவைப்பதில்லை என்றார்கள். ஐந்தாம் நாள்தான், பழைய டிவியை மறுசுழற்சிக்கு அனுப்பியபோது கொடுத்த சீட்டின் எண்ணைச் சொல்லி ஆலையைக் கேட்டார். முந்தாநாளே அதை நொறுக்கியாகிவிட்டதாம்.

மிட்சுகோவின் பாய் விரித்த அறையில் ஷிகெயோ மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

"அவன் உள்ள இருக்கான்தானே?" என்று கேட்டாள்.

"இருக்கான்க்கா. ஆனா எந்த டிவியாலயும் இனிமே திறக்க முடியாது. நான்தான் கெடுத்தேன்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பழக்கதோஷத்தில் தேநீரும் ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு துண்டு கடித்தார். நாற்பது வருஷமாக அந்த வீட்டில் அதைத் தின்று 'பிரமாதம்' என்று சொல்லிவந்தவர்.

"எப்படி இருக்கு?"

பொய் சொல்ல அன்று அவருக்குத் தெம்பில்லை. "உப்புக்கா."

மிட்சுகோ கோப்பையைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவ சொல்லு."

"ஒரே உப்பு."

அணைந்து கிடந்த டிவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ம்ஹூம்," என்றாள். "நீ சொன்னா திட்டத் தோணல."