கருநீல ஸ்வெட்டர்

தானாகவே பிரேக் போடும் கார்களைச் சோதிக்கும் மைதானத்தில் அவருக்குப் 'பொம்மைக்காரர்' என்றுதான் பேர். ஆள் உயரப் பொம்மைக்குத் துணி மாட்டி, தள்ளுவண்டியில் நிறுத்தி, கயிற்றை இழுத்து, வரும் காருக்குக் குறுக்கே அனுப்ப வேண்டும். கார் ஆளைக் கண்டுகொண்டு நின்றால் சரி. நிற்காவிட்டால் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பறக்கும். பொறுக்கி வந்து திரும்ப மாட்டுவார்.

"என்ன பொம்மைக்காரரே, வீட்டம்மாவுக்குச் சோடிச்சாச்சா?" என்று காரில் உட்காரும் டிரைவர் கிண்டலடிப்பான். வேலைக்குப் புதுசு, விஷயம் தெரியாது. இவரும் சிரித்து வைப்பார்.

வீட்டம்மா போய் இரண்டு வருஷம். வேலை முடிந்து, பொழுது சாயும் நேரத்தில் சாலையைக் கடந்தவள். "கறுப்பா ஏதோ போட்டிருந்தாங்க, கண்ணுக்கே தெரியலைங்க" என்றான் இடித்தவன். கூடி நின்றவர்களும் ஆமாம் போட்டார்கள். அந்த ஆமாம்தான் இவர் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. இருபத்து மூன்று வருஷம் தன் கண் நிறைய நின்றவள் ஊர்க் கண்ணுக்கு எப்படித் தெரியாமல் போவாள்?

அன்று அவள் போட்டிருந்தது கருநீல ஸ்வெட்டர். அதே நூலில் இவருக்கும் ஒன்று பின்னித் தந்திருந்தாள். ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு, சோதனையை நடத்தும் இன்ஜினியர் பெண்ணிடம் போய் நின்றார். சோதனைப் பட்டியலில் இருந்த துணியெல்லாம் மஞ்சளும் வெள்ளையும்தான்.

"லிஸ்ட்ல இல்லாததை எப்படிண்ணே?"

"ஒரே ஒரு தடவை பொம்மைக்கு மாட்டிப் பாக்கலாம்மா. சாயங்கால வெளிச்சத்துல."

கார் நிற்கவில்லை.

"வண்டிக்குத் தெரியவே இல்லண்ணே!" என்று இறங்கி வந்தான் டிரைவர். பொம்மையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார் பொம்மைக்காரர். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு அவன் கிண்டலடிக்கவில்லை.

இன்ஜினியர் பெண் அந்தத் தோல்வியை மூடி மறைக்காமல் மேலிடத்துக்கு எழுதினாள். கருந்துணிகள் பட்டியலில் ஏறின. மங்கலிலும் ஆளைப் பிரித்தறியும் புதுக் கருவி காரின் முகப்பில் ஏறியது. எட்டு மாதம். பொம்மை நாற்பது தடவை அடிபட்டது. நாற்பது தடவையும் இவரே பொறுக்கினார்.

கடைசியில் ஒரு சாயங்காலம், ஸ்வெட்டருக்கு ஒரு முழம் முன்னால் கார் கப்பென்று நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பொம்மைக்காரர் மட்டும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

டிரைவர் ஓடி வந்து தோளைப் பிடித்தான். "என்னண்ணே, அதான் நின்னுடுச்சே! ஏன் அழறீங்க?"

"அதாண்டா," என்றார். "நிக்க முடியுதே."