ரெண்டே ரெண்டு வார்த்தை

பல்சுவை நிகழ்ச்சி நடத்தும் ராஜமாணிக்கம் சாரிடம் ஒலி அமைப்பு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பதினான்கு ஐட்டங்களுக்கும் நிமிடக் கணக்குப் போட்டு ரன்னிங் ஆர்டர் தயாரித்தேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். பட்டியல் இல்லாமல் எனக்குக் கை ஓடாது. நிகழ்ச்சி வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில். சார் தாளை வாங்கிப் பார்த்தார்.

"எல்லாம் சரிம்மா. இதுல தலைவர் எங்க?"

"எந்தத் தலைவர் சார்?"

"அது எனக்கும் தெரியாது. யாராவது ஒருத்தர் வருவாரு."

வந்தார். மேஜிக் ஐட்டத்துக்குச் சற்று முன்னால், கையில் சால்வையோடு நேராக மேடை ஏறி அறிவிப்பாளரிடம் கை நீட்டினார்.

"தம்பி, மைக்கைக் குடுங்க. ரெண்டே ரெண்டு வார்த்தை."

கடைமடைக்குத் தண்ணீர் வராததில் தொடங்கி, தன் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெயர் வரை பேசினார். இருபத்தாறு நிமிடம். மேஜிக் கலைஞரின் கோட்டுக்குள் புறா தயாராக இருந்தது. அதன் பொறுமை இருபத்திரண்டாவது நிமிடத்தில் தீர்ந்தது. தானாக வெளியே வந்து பறந்து, பேசிக்கொண்டிருந்தவரின் தோளில் உட்கார்ந்தது. கூட்டம் கைதட்டியது. அவர் அதைத் தன் பேச்சுக்கான கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு மேலும் நான்கு நிமிடம் பேசினார்.

சார் செய்து பார்த்த வழிகள்

சாருக்கு எழுபத்து நான்கு வயது. குழாய் ஸ்பீக்கர் காலத்திலிருந்து ஐம்பது வருடமாக இந்தத் தொழில். பேசும் பொம்மைக்காரர் வராத நாளில் பொம்மையை மடியில் வைத்து அவரே குரல் கொடுத்திருக்கிறார். பாடகி வராத நாளில், வேண்டாம், அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. இத்தனையையும் சமாளித்தவர் ‘ரெண்டு வார்த்தை’யிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தார்.

1. வருபவருக்கு நாமே முதலில் சால்வை போர்த்திவிடுவது. பலன்: சால்வைக்கு நன்றி சொல்ல ஐந்து நிமிடம் கூடுதல்.

2. பேச்சு நீண்டால் கீபோர்டில் மெல்ல இசை வாசிப்பது. பலன்: பேசியவர் பாட ஆரம்பித்தார்.

3. அடுத்து ஆடவேண்டிய குழந்தைகளை மேடை ஓரம் நிறுத்தி நினைவூட்டுவது. பலன்: ஒவ்வொரு குழந்தையிடமும் பெயர், வகுப்பு, அப்பா பெயர் விசாரித்தார்.

இதில் சாருக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்பதை ஒரே ஒரு முறை சொன்னார். பதினெட்டு வருடம் முன்பு, நன்னிலம் பக்கம் ஒரு ஊர். குழுவில் தங்கராசு என்று ஒரு மிமிக்ரி கலைஞர். சாரின் நெருங்கிய நண்பர். மகனை மேடையில் பார்க்க அவர் அப்பா முதல் முறையாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்று யாரோ ஒருவரின் ரெண்டு வார்த்தை நாற்பது நிமிடம் ஓடியது. போலீஸ் கொடுத்த அனுமதி நேரம் முடியப்போகிறது. ஒரு ஐட்டத்தை எடுத்தே ஆகவேண்டும். சார் எடுத்தது தங்கராசுவின் எட்டு நிமிடத்தை.

"நம்மாளுதானே, புரிஞ்சுக்குவான்னு நெனச்சேம்மா" என்றார்.

மறுநாள் காலை தங்கராசு குழுவை விட்டுப் போய்விட்டார். அவருடைய அப்பா அதன் பிறகு எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை. இரண்டு வருடத்தில் காலமாகிவிட்டார்.

பெட்டி

போன வருடம் சார் கேட்டபடி ஒரு டைமர் பெட்டி செய்து மெயின் லைனில் பொருத்தினேன். யாராவது பேச வந்தால் மட்டும் அதை ஓடவிடுவேன். பச்சை விளக்கு எரிந்தால் பேசலாம். இரண்டு நிமிடத்தில் சிவப்பு, உடனே கட். அதன் பின் ஐந்து நிமிடத்துக்கு எந்த மைக்கும் வேலை செய்யாது.

"நானே வந்து கால்ல விழுந்தாலும் அஞ்சு நிமிஷத்துக்கு வரக் கூடாது. அந்த மாதிரிப் பூட்டு" என்றார். அப்படியே பூட்டினேன்.

பாராட்டு விழா

அவர் நிகழ்ச்சி நடத்திய ஊர்க்காரர்கள் சேர்ந்து, வலங்கைமானில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிறு காலை அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். ஆறு ஊர்கள், ஆறு சால்வைகள், ஆறு ரெண்டு வார்த்தைகள். தங்கராசுவுக்கும் அழைப்பிதழ் போன நாளிலிருந்து சார் தினமும் கேட்டது ஒரே கேள்வி.

"தங்கராசு போன் பண்ணானா?"

"இல்லை சார்."

"பண்ண மாட்டான். சும்மா கேட்டேன்."

மறுநாளும் சும்மா கேட்பார்.

பட்டியலில் முதல் ஐட்டமாக ‘சார் நாற்காலியில் உட்கார்தல், நேரம்: கடைசி வரை’ என்று எழுதினேன். அதைத்தான் அவரால் செய்ய முடியவில்லை. மூன்று முறை எழுந்து வந்து திரையைச் சரிசெய்தார். பெட்டி மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. ஐந்து பேரை இரண்டாவது நிமிடத்தில் நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிட இடைவெளியில் காபி கொடுத்தோம். ஐந்தாவது காபியை யாரும் வாங்கவில்லை.

ஆறாவது ஆளைக் கூப்பிடும் முன், பின்வரிசையிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து வந்தார். சார் நாற்காலியின் கையை இறுகப் பிடிப்பதைப் பார்த்துதான் யாரென்று புரிந்தது.

"நான் தங்கராசு. ரெண்டு வார்த்தை பேசிக்கலாமா?" என்று மைக்கில் கேட்டார். பச்சை எரிந்தது.

நிறுத்தி நிறுத்திப் பேசினார். முதல் மேடை, இருவரும் ஒரே சைக்கிளில் போனது, ஒரே இலையில் சாப்பிட்டது. "அப்புறம், நன்னிலத்துல அன்னைக்கு எங்கப்பா..." என்றார். சிவப்பு. கட்.

அவர் மைக்கைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். "இன்னைக்குமா?" என்றது முன்வரிசை வரை கேட்டது. படியை நோக்கித் திரும்பினார்.

சார் துள்ளி எழுந்தார். "மைக்கைப் போடும்மா!"

"போட முடியாது சார். அஞ்சு நிமிஷம்."

"நான் சொல்றேன், போடு!"

"நீங்க சொன்னாலும் வரக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

மண்டபமே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. ஓடிப்போய்ப் படியை மறித்து நின்றார்.

"டேய் தங்கராசு, போவாதடா. உன் எட்டு நிமிஷம் அப்படியே இருக்கு. பண்ணுடா."

"மைக்கு?"

"உனக்கு எதுக்குடா மைக்கு?"

தங்கராசு படியிலிருந்து திரும்பினார். பிறகு மேடை நடுவுக்கு வந்து இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார். மதகின் துருப்பிடித்த ஷட்டர் திருகும் ஓசை வந்தது. காய்ந்த வாய்க்காலில் சருகைத் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் வரும் சரசரப்பு. வெடித்த மண் குடிக்கும் சத்தம். ஒரு தவளை, பிறகு நூறு தவளை. தூரத்தில் யாரோ வரப்பில் ஓடிக்கொண்டே, "தண்ணி வந்துருச்சு டோய்!" என்றதும் முன்வரிசையில் இருந்த ஒரு விவசாயி எழுந்தே நின்றுவிட்டார். சார் படியிலேயே உட்கார்ந்திருந்தார். மேடைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு ஐட்டத்தை அவர் முழுதாகப் பார்த்து நான் கண்டதில்லை.

நடுவில் பச்சை விளக்கு வந்துவிட்டது. நான் வால்யூமை ஏற்றவில்லை. முடிந்து, கைதட்டல் அடங்கிய பிறகுதான் ஏற்றினேன்.

"நான் கேட்ட ரெண்டு வார்த்தை இன்னும் பாக்கி" என்றார் தங்கராசு. பிறகு சாரைப் பார்த்துச் சொன்னார்.

"கோவம் இல்ல."

சொல்லிவிட்டு மைக்கை வைத்துவிட்டார். என் அனுபவத்தில் ரெண்டு வார்த்தை என்று கேட்டு வாங்கி, ரெண்டே வார்த்தை பேசியவர் அவர் ஒருவர்தான்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: யாராலும் திறக்க முடியாத பூட்டைச் செய்யாதீர்கள், முதலாளியே கேட்டாலும். மறுநாளே பெட்டியின் அடியில் சின்னதாக ஒரு சுவிட்ச் வைத்துவிட்டேன். அது இருப்பது சாருக்குத் தெரியாது. தங்கராசு அண்ணனிடமும் சொல்லவில்லை. அவர் இப்போது மறுபடி எங்கள் குழுவில் இருக்கிறார். பட்டியலில் அவருக்கு எட்டு நிமிடம்; பன்னிரண்டு எடுத்துக்கொள்கிறார்.